பழி சுண்ணாம்பின் மேல்: செட்டிநாட்டு வீடொன்றில் பொடிவண்டு

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை, காரைக்குடியில் என் வீட்டுக்கு ஓர் இளைஞர் மாத்திரைக் குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். குப்பிக்குள் முப்பது நாற்பது பழுப்புத் துகள்கள் இருந்தன. கேழ்வரகை இரண்டாகப் பிளந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். கண்ணாடியை ஒட்டி நின்று பார்த்தபோது சில துகள்கள் நடந்தன.

"சார், இவை எங்கள் அப்பத்தா வீட்டுச் சுவரிலிருந்து வருகின்றன. புதிதாகப் பூசிய சாந்தில் கொத்தனார் முட்டையும் கருப்பட்டியும் கலந்தாராம். அதனால் வந்த பூச்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்குத் தர வேண்டிய மீதிப் பணத்தை அப்பா நிறுத்தி வைத்திருக்கிறார்."

கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பழைய வீடுகளில் பூச்சித் தொல்லை என்றால் இந்தப் பக்கத்தில் சிலர் என்னைத் தேடி வருவார்கள். பெரும்பாலும் குப்பியைப் பார்த்துவிட்டு நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த இளைஞர் கடைசியாகச் சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி அனுப்ப மனம் வரவில்லை. முட்டை வெண்கருப் பூச்சு வேலை தெரிந்தவர்கள் இப்போது அரிதாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் செய்த வேலைக்குக் கூலி கிடைக்காமல் நிற்கிறார். காரணம், ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டு. அன்று பிற்பகலே பஸ் ஏறினேன்.

வீடும் வேலையும்

கானாடுகாத்தான் பக்கத்து ஊர்களில் ஒன்று அது. குடும்பத்தின் விருப்பப்படி ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. வீடு கட்டி நூறு ஆண்டுகள் ஆகியிருக்கும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். முகப்பு வாசலில் நின்று பார்த்தால் பட்டாலை (முன்கூடம்), வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரங்களும் அறைகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும். கடைசியில் பின்வாசல் வெளிச்சம் ஒரு புள்ளியாக நிற்கும். எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தால் அந்தக் கோடு முழுவதும் காற்று ஓடும். முற்றங்கள் மேலே வெப்பத்தை வெளியே விடும். கோடை நாட்களில் சர்வசாதாரணமாக 38, 40 டிகிரி அடிக்கும் ஊர்களில், மின்விசிறி இல்லாத காலத்தில் கட்டிய வீடுகள் இவை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதை அந்தப் பட்டியல் மாற்றிவிடவில்லை.

இந்த வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஆச்சியும், கூடமாட வேலை செய்யும் ஓர் அம்மாளும் மட்டும் இருக்கிறார்கள். அவர்கள் புழங்குவது பின்கட்டு. மகன் குடும்பம் சென்னையில். மகனுக்கு ஆவணியில் அறுபதாம் கல்யாணம் இந்த வீட்டிலேயே நடந்தது. அதை முன்னிட்டு ஆடியிலிருந்து இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. வழக்கின் முடிச்சே இதுதான்.

ஒன்று, கொத்தனார் செய்த சுண்ணாம்பு வேலை. பட்டாலையிலும் வளவின் வடபுறத் தாழ்வாரத்திலும் உதிர்ந்துபோயிருந்த பழைய பூச்சைச் சுரண்டி, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் புளிக்க வைத்த சாந்தால் அடிப்பூச்சு பூசி, மேலே மாவாக அரைத்த சுண்ணாம்பில் வெண்கரு கலந்து கடைசிப் பூச்சு ஏற்றி, கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்.

மற்றொன்றை நகரத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் செய்தார். வளவைச் சுற்றி இருக்கும் இரட்டை அறைகளில் தென்புறத்து அறை ஒன்றை விருந்தினருக்கான ஏ.சி. அறையாக மாற்றினார். சுவரில் சிமெண்டுப் பூச்சு, அதன் மேல் பட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன். மேலே ஜிப்சம் பலகைகளால் பொய்க்கூரை, அதில் வட்ட வட்டமாக விளக்குகள். பார்க்க அழகாகவே இருந்தது. விழா நடந்த ஐந்து நாட்கள் அந்த அறை பயன்பட்டது. பிறகு பூட்டினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது வாரத்தில் ஆச்சி அந்த அறையைத் திறந்தபோது மெத்தை மேல் விரித்த வெள்ளைத் துணியில் பழுப்புப் பொடி கிடந்திருக்கிறது. தட்டிவிட்டார். மறுநாளும் கிடந்தது. அதற்கடுத்த நாள் அந்தப் பொடி ஊர்ந்தது. ஆச்சி அதற்கு 'பொடிவண்டு' என்று பெயர் வைத்தார். நானும் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன்.

நான் போவதற்கு முன் நடந்தவை

பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து இருவர் வந்தார்கள். மர உளு என்று சொல்லி அறை முழுவதும் மருந்து தெளித்தார்கள். ஐந்தாறு நாள் வண்டு குறைந்தது. பிறகு பழையபடி வந்தது. மறுபடி தெளித்தார்கள். மறுபடி வந்தது. மூன்றாவது முறை, நிலையிலும் கதவிலும் துளை போட்டு உள்ளே மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அந்த நிலை பர்மாத் தேக்கு. மேல்கட்டையில் கஜலட்சுமியும் இருபுறமும் கொடிகளும் செதுக்கியது. "என் மாமியார் கோலம் போட்டு, நான் கோலம் போட்டு, மூன்று தலைமுறை மஞ்சள் பூசிய நிலை. அதில் துளை போட நான் உயிரோடு இருக்கும்வரை விட மாட்டேன்" என்று ஆச்சி மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்கு அவருக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

இதற்கிடையில் பேரன் கைப்பேசியில் படம் பிடித்துத் தேடிப் பார்த்திருக்கிறார். விடை சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் அந்த வண்டுக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களில் ஒன்று 'பிளாஸ்டர் பீட்டில்', அதாவது சாந்து வண்டு. வீட்டில் புதிதாகச் சாந்து பூசியிருக்கிறது, சாந்தில் முட்டை இருக்கிறது, வண்டின் பெயரே சாந்து வண்டு. தீர்ப்பு எழுத வேறென்ன வேண்டும்? கொத்தனாரின் பணம் நின்றது.

வண்டு யார்

அறைக்குள் போவதற்கு முன் வளவின் திண்ணையில் உட்கார்ந்து, குப்பியிலிருந்த வண்டுகளை வெள்ளைத் தாளில் கொட்டிப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் பார்த்தேன். பத்து வண்டுகளை வரிசையாக வைத்தால் கட்டை விரல் நகத்தின் அகலம் வந்தது.

முதலில் எவையெல்லாம் இல்லை என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். அரிசியில் வரும் கூன்வண்டுக்கு யானைத் தும்பிக்கை போல மூக்கு நீண்டிருக்கும், இதற்கு இல்லை. மாவில் வரும் செவ்வண்டு இதைப்போல இரண்டு மடங்கு நீளம். புத்தகப் பேன் இதே அளவுதான், ஆனால் வெளிறிய மெத்தென்ற உடம்பு, முதுகில் ஓடு கிடையாது. மர உளு என்றால் மரத்தில் குண்டூசித் தலை அளவு துளையும், அதன் கீழே மைதா போன்ற தூளும் இருந்தாக வேண்டும். கரையானுக்கு மண் பாதை வேண்டும். நிலையின் கீழே ஓர் இரவு முழுவதும் கறுப்புத் தாள் விரித்து வைத்தேன். காலையில் தாளில் ஒரு துளித் தூள்கூட இல்லை.

இருப்பவற்றைப் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது. கழுத்துப் பகுதி முதுகோட்டை விடக் குறுகி, இடை பிடித்தாற்போல ஒரு வடிவம். முதுகோட்டின் மேல் வரிசை வரிசையாகக் குழிகள். பனங்கொட்டானின், அதாவது பனையோலைக் கூடையின், பின்னலைத் தொலைவிலிருந்து பார்ப்பது போல இருக்கும். உணர்கொம்பின் நுனிக் கணுக்கள் பருத்துக் குண்டாந்தடி போலத் திரண்டிருந்தன. வீட்டுக்கு எடுத்துவந்து நுண்ணோக்கியில் பாதங்களை எண்ணினேன்: மூன்று ஜோடிக் கால்களிலும் மும்மூன்று கணுக்கள். லாத்ரிடிடே குடும்பம். எரிக்ஸன் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் 1842-இல் வரையறுத்த குடும்பம் இது. உலகம் முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை ஒன்றிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கும்.

இந்தக் குடும்பத்தின் உணவு பூஞ்சை. வளர்ந்த வண்டும் புழுவும் பூஞ்சையின் வித்துகளையும் இழைகளையும் தின்று வாழ்கின்றன. மரத்தையோ, துணியையோ, அரிசியையோ, சுண்ணாம்பையோ தின்பதில்லை. கடிப்பதில்லை. ஈர இலைச் சருகு, மரப்பட்டையின் அடிப்பக்கம், நனைந்த வைக்கோல், பறவைக் கூடு என்று பூஞ்சை பூத்த இடமெல்லாம் இவற்றுக்கு வீடு. ஏதோ ஒரு மூட்டையோடு வீட்டுக்குள் வந்துவிடும். உள்ளே பூஞ்சை இருந்தால் தங்கிப் பெருகும், இல்லாவிட்டால் செத்துப்போகும்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் வைக்கிங் காலக் குடியிருப்புகளைத் தோண்டியபோது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வீட்டுத் தரை மண்ணில் இந்தக் குடும்பத்து வண்டுகளின் ஓடுகள் கிடைத்தன. அந்த வீடுகளுக்குள் ஓரளவு ஈரமான, பூஞ்சை படிந்த கூளம் கிடந்தது என்று ஆய்வாளர்கள் சொல்ல அந்த ஓடுகள் உதவின. ஆயிரம் ஆண்டு கழித்தும் ஒரு வீட்டின் ஈரத்துக்குச் சாட்சி சொல்லக்கூடிய வண்டு. அதைத்தான் இங்கே ஒரு மாதமாக மருந்தடித்துக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு வண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். குடலுக்குள் உருண்டை உருண்டையாகப் பூஞ்சை வித்துகள் அடைந்திருந்தன. அது தின்றது என்ன என்பதில் இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தப் பூஞ்சை எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த வேலை.

தாள் வைத்துத் தேடியது

ஏ.சி. அறைக்குள் நுழைந்ததும் ஊறிய அட்டைப்பெட்டி வாசனை அடித்தது. சுவரில் கறையே இல்லை. பளபளவென்று வெள்ளையாக இருந்தது. ஆச்சி மருந்து வாசனை என்று நினைத்திருந்தார்.

எண்ணிக்கை இல்லாமல் யாரையும் நம்ப வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். வெள்ளைத் தாள்களில் விளக்கெண்ணெய் தடவி ஆறு இடங்களில் மூன்று இரவு வைத்தேன். நான்காம் நாள் காலையில் பேரனையே எண்ணச் சொன்னேன். ஏ.சி. அறையில் 61. அதை ஒட்டிய உள்ளறையில் 9. வளவின் தென்புறத் தாழ்வாரத்தில் 2. சாமான் அறையில் 1. கொத்தனார் பூசிய வடபுறத் தாழ்வாரத்திலும் பட்டாலையிலும் ஒன்றும் இல்லை. பேரன் பட்டாலைத் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்புச் சாந்துதான் காரணம் என்றால் அந்தத் தாளில் அல்லவா கூட்டம் இருந்திருக்க வேண்டும்?

ஈரமானியின் கணக்கும் இதோடு ஒத்துப்போனது. மழை ஓய்ந்த ஒரு மதியத்தில் வளவில் 70 சதவீதம், பூட்டிய ஏ.சி. அறையில் 87. மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அதைவிட வேறு வரம் வேண்டியதில்லை.

அறைக்குள் இருந்த 61-இல் ஐம்பதுக்கு மேல் கட்டிலின் மேல் வைத்த தாளில் விழுந்திருந்தன. சுவரோரத் தாளில் சில மட்டுமே. ஆச்சி முதன்முதலில் மெத்தை விரிப்பில்தான் பார்த்தார் என்பதும் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கட்டிலுக்கு நேர் மேலே பொய்க்கூரையில் வட்ட விளக்கு. விளக்கின் விளிம்பைச் சுற்றி மயிரிழை போல் இடைவெளி. இந்த வண்டுகளில் பல வெளிச்சத்தை நாடி வரும். இரவில் விளக்கைப் போட்டுவிட்டுக் கைலென்ஸோடு கட்டில் மேல் ஏறி நின்றேன். கால் மணி நேரத்தில் மூன்று வண்டுகள் அந்த இடைவெளி வழியாக வெளியே வந்து, விளிம்பில் நடந்து, விழுந்தன. தரையிலும் சுவரிலும் எத்தனை முறை மருந்து தெளித்தாலும் அதற்கு மேலே இருந்த கூட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

சென்னையிலிருந்து ஆச்சியின் மகன் தொலைபேசியில் கேட்ட கேள்விகள் நியாயமானவை. அந்த வேலைக்கும் அவர்தானே பணம் கொடுத்திருக்கிறார். அவர் சம்மதித்த பிறகு மின்வேலை செய்பவரை வைத்து விளக்கைக் கழற்றி, ஒரு பலகையை மட்டும் இறக்கினோம். இறக்குவதற்கு முன் ஆச்சியைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவருக்கு இளைப்பு உண்டு. வண்டால் அவருக்கு ஒரு தீங்கும் இல்லை. பூஞ்சைத் தூசு அப்படிப்பட்டதல்ல. நாங்கள் மூவரும் முகக்கவசம் கட்டிக்கொண்டோம்.

ஜிப்சம் பலகையின் இருபுறமும் காகிதம் ஒட்டியிருக்கும். கீழ்க்காகிதத்தில் வெள்ளை எமல்ஷன். மேல்க்காகிதம் கரும்பச்சையும் சாம்பலுமாக, அடுப்படிச் சுவரில் படிந்த கரி போல மூடியிருந்தது. அதன் மேல் வண்டுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேறு வார்த்தை எனக்குத் தோன்றவில்லை. நடுவே வெளிறிய, மெல்லிய மயிர்கள் முளைத்த சின்னஞ்சிறு புழுக்கள். புத்தகப் பேன்களும் கலந்திருந்தன. பேரன் நெடுநேரம் பேசவில்லை.

தண்ணீர் வந்த வழி சிறியது. ஏ.சி.யின் தாமிரக் குழாயை வெளியே கொண்டுபோக, கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் துளை போட்டிருந்தார்கள். துளை வெளியிலிருந்து உள்ளே சரிந்திருந்தது. குழாயைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஒன்றை அடைத்ததோடு விட்டுவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை சாய்வாக அடிக்கும்போதெல்லாம் குழாய் வழியே தண்ணீர் வழிந்து பொய்க்கூரையின் மேல் சேர்ந்திருக்கிறது. இது நுழைந்த வழி. நுழைந்த ஈரம் வெளியேற முடியாமல் போனதற்கு வேறு இரண்டு காரணங்கள் இருந்தன. வளவைப் பார்த்த கதவின் மேலே பழைய காலத்துச் சாளரம் ஒன்று இருந்தது. பொய்க்கூரை அதை மறைத்துவிட்டது. கூரையடிக் காற்று வெளியே போவதற்காக அந்த இடத்தில் அவ்வளவு உயரத்தில் யாரோ யோசித்து வைத்த சாளரம் அது. சுவரோ சிமெண்டாலும் எமல்ஷனாலும் இறுகிக் கிடந்தது. சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் தோல் போர்த்தினால் வாங்கியதை விட அதற்கு வழியில்லை.

சுண்ணாம்பின் தரப்பு

கொத்தனாரை வரச் சொல்லி ஆச்சியே ஆள் அனுப்பினார். அறுபதைக் கடந்தவர். பழியைக் கேள்விப்பட்டிருந்தார், முகத்தில் அது தெரிந்தது. கரண்டியின் கைப்பிடியால் ஏ.சி. அறைச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் 'தொம்' என்று கேட்டது. "ஆச்சி, சுவருக்கு வேர்த்திருக்கிறது. துடைக்க விடாமல் மழைக்கோட்டு மாட்டிவிட்டார்கள்" என்றார். நான் பத்து நிமிடம் பேசியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

இருந்தாலும் முட்டையையும் கருப்பட்டியையும் பற்றிய கேள்விக்கு முழு விடை தர வேண்டியது என் கடமை என்று நினைத்தேன். பூஞ்சைக்கு உணவாகக்கூடிய பொருள்கள் சாந்தில் இருப்பது உண்மைதானே?

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் 900 டிகிரி அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறும். மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி மாதக்கணக்கில் நடக்கும். நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம். அதன் தெளிந்த நீரின் காரத்தன்மை அளவுகோலில் 12-ஐத் தாண்டும். வெற்றிலையில் கூடுதலாகத் தடவியவர் நாக்கைக் கேட்டால் தெரியும். அந்தக் காரத்தில் வீட்டுப் பூஞ்சைகள் பிழைப்பது கடினம். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதிலும், மாட்டுக் கொட்டகைச் சுவருக்கும் சுண்ணாம்பு அடிப்பதிலும் இந்த அறிவு இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்துப் பூச்சு முழுவதும் கல்லாக மாறிய பின் காரம் இறங்கிவிடும். அப்போது ஈரம் தங்கினால் சுண்ணாம்புச் சுவரிலும் பூஞ்சை வரலாம். ஆடியில் பூசி, கார்த்திகையில் காரம் குறையாமல் நிற்கும் சுவர் அந்த நிலைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஜிப்சம் வேறு சாதி. அது கால்சியம் சல்பேட்டு. காரம் கிட்டத்தட்ட இல்லை. மேலே ஒட்டிய காகிதமோ பூஞ்சைக்குப் பந்தி விரித்த இலை.

அப்படியானால் 'பிளாஸ்டர் பீட்டில்' என்ற பெயர்? புதிதாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் ஆள் குடியேறிய வீடுகளில் இந்த வண்டுகள் கூட்டமாகத் தென்பட்டதால் வந்த பெயர் அது. வண்டு சாந்தில் பிறந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. பெயர் வைத்தவர்கள் வண்டைப் பார்த்த இடத்தைச் சொன்னார்கள். அந்த இடத்தில் ஈரமும் பூஞ்சையும் இருந்ததைப் பெயரில் ஏற்றவில்லை.

மகனுக்காக இன்னொரு சோதனையும் செய்தேன். இரண்டு குப்பிகளில் பத்துப் பத்து வண்டுகள். ஒன்றில் பட்டாலைச் சுவரிலிருந்து கொத்தனார் சுரண்டித் தந்த காய்ந்த சாந்துத் தூளும் தேக்கு மரத்தூளும். மற்றொன்றில் பலகையிலிருந்து கிழித்த பூஞ்சைக் காகிதமும் நனைந்த பஞ்சும். எட்டாம் நாள் சாந்துக் குப்பியில் பத்தும் செத்துக் கிடந்தன. காகிதக் குப்பியில் ஒன்பது நடமாடின. இரண்டையும் பேரன் படம் எடுத்து அனுப்பினார். மறுநாள் கொத்தனாரின் மீதிப் பணம் வந்தது. ஆச்சி அதோடு ஒரு வேட்டியும் துண்டும் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

செய்த வேலைகள்

பொய்க்கூரையை முழுவதும் இறக்கினோம். பலகைகளை அறைக்குள்ளேயே சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோனோம். உடைத்து இழுத்திருந்தால் வீடு முழுவதும் வித்து பறந்திருக்கும். பலகை தாங்கிய கம்பிகளையும், மேலே தெரிந்த பழைய தேக்கு விட்டங்களையும் ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த துணியால் ஒற்றினோம். உலர்ந்த துடைப்பத்தை ஒருவரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். விட்டங்கள் கல்லைப் போல இருந்தன. ஒரு பூச்சித் துளையும் இல்லை. குழாய்த் துளையைக் கொத்தனார் வெளிப்புறம் சரியும்படி திருத்திச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தார். சாளரம் திறந்தது. கதவைத் திறந்து வைத்து, தரையில் ஒரு விசிறியைச் சாளரத்தை நோக்கி ஓட விட்டோம். மழை இல்லாத நாட்களில் முகப்பிலிருந்து பின்வாசல் வரை எல்லாக் கதவுகளையும் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை திறந்து வைப்பது ஆச்சியின் பொறுப்பு. மழை பெய்யும்போது திறந்தால் வெளி ஈரம்தான் உள்ளே வரும்.

உள்ளறையில் சீர் சாமான்கள் இருந்தன. கொட்டான்கள், தடுக்குகள், பனையோலைப் பெட்டிகள், அடியில் பழைய கணக்கு நோட்டுகள். அங்கே வண்டு வந்ததற்கு இவையும் காரணம். பாதிக்கு மேல் லேசாகப் பூத்திருந்தன. நிழலில் காற்றாட வைத்து, பிறகு இளவெயிலில் வைத்தோம். இரண்டு தடுக்குகளை மட்டும் விட வேண்டியிருந்தது. அவை ஆச்சியின் தாயார் கையால் முடைந்தவை என்று பிறகுதான் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் இன்னொரு வழி தேடியிருப்பேன். இப்போதும் அது மனதில் உறுத்துகிறது.

மருந்து ஒரு துளிகூட அடிக்கவில்லை.

சிமெண்டுப் பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும் என்று மகன் உடனே அவசரப்பட்டார். கொத்தனார் மறுத்துவிட்டார். சிமெண்டையும் பட்டியையும் கொத்தி எடுப்பதை மார்கழியில் செய்தார். செங்கலைத் திறந்தபடி விட்டுவிட்டு, சித்திரை வரை கரண்டியைத் தொட மாட்டேன் என்று போய்விட்டார். காசு கையில் வரும் வேலையை நான்கு மாதம் தள்ளிப்போட்டவர் மேல் எனக்கு ஏற்பட்ட மதிப்பை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தாள்கள் சொன்ன கணக்கு இது: தை முடிவில் அதே அறையில் மூன்று இரவுக்கு 7. மாசி முடிவில் 1. பங்குனியில் ஒன்றும் இல்லை. ஈரமானி 58-இல் நின்றது. சித்திரையில் கடுக்காய்ச் சாந்து பூசினார்கள். ஏ.சி. இப்போது அங்கே இல்லை. சாளரத்துக்குக் கீழே ஒரு மின்விசிறி மட்டும் ஓடுகிறது.

அடுத்த கார்த்திகையில்

மழை நின்று ஒரு வாரம் கழித்துப் போனேன். புதுப் பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருந்தது, ஈரம் ஒட்டவில்லை. தாள் வைக்கலாம் என்று பையைத் திறந்தபோது ஆச்சி சிரித்தார். "நான் ஏற்கெனவே வைத்துவிட்டேன், தம்பி" என்று சொல்லி இரண்டு தாள்களைக் கொண்டுவந்து காட்டினார். பேரன் வாங்கித் தந்த லென்ஸ் அவருடைய இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கியது. அறைத் தாள் சுத்தமாக இருந்தது. பின்கட்டில் வைத்த தாளில் நான்கு பொடிவண்டுகள் ஒட்டியிருந்தன.

என்னைக் கைபிடித்துப் பின்வாசலுக்கு அழைத்துப் போனார். பாத்திரங்கள் பொதிந்து வந்த வைக்கோல் மூட்டை ஒன்று கிணற்றடித் தாழ்வாரத்தில் சாரலில் நனைந்து கிடந்ததாம். முந்தின நாளே ஆளைக் கூப்பிட்டு அதை வெளியே இழுத்துப் போடச் செய்திருந்தார். வெயிலில் பிரித்துப் பரப்பியிருந்த வைக்கோலின் மேல் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.